டேபிள் சால சாய்வு ஜாயிண்ட் வெட்டறது எப்படி: கட்டையை விட ஆப்பு மேல கண்ணு வெய்யுங்க

பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சாங்கன்னா நம்ம காங்கேயம், தாராபுரம் பக்கமெல்லாம் தேக்குச் சட்டம் மூணடி நாலடித் துண்டா சல்லிசா கெடைக்குமுங்க, வைரம் பாஞ்ச கட்டை, இன்னைக்கு புதுசா வாங்கப் போனா கை சுடும். ஆனா நமக்கு வேண்டியது ஏழடி எட்டடியா இருக்கும். ரெண்டு துண்டையும் தலைக்குத் தலை வெச்சு ஒட்டுனா நிக்காது, ஏன்னா மரத்தோட தலைப்பக்கம் நரம்பெல்லாம் வாயைத் தொறந்துட்டு இருக்கும், பசையைப் பூரா உறிஞ்சிரும். அதுக்குத்தான் ரெண்டு நுனியையும் நீளமா சாய்ச்சு வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு படுக்க வெச்சு ஒட்டறது, ஸ்கார்ஃப் ஜாயிண்ட்டுன்னு சொல்றாங்கல்ல, அதுதான் இது.

கையில வெட்டி இழைப்புளி போட்டு எடுக்கற ஆசாரிங்க இன்னமும் இருக்காங்க, அவங்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டியதே இல்ல. டேபிள் சால (மேசை நடுவுல வட்ட பிளேடு சுத்தற அறுப்பு மிஷின்) ஜிக் (கட்டையைப் புடிச்சு நேராத் தள்ளறதுக்கு நாமளே செய்யற பலகை) வெச்சு வெட்டலாம்னு நெனைக்கறவங்களுக்குத்தான் எழுதறேன். நெம்ப நல்லா வரும், ரெண்டு நிமிசத்துல வேலை முடியும். ஆனா சாதாரணமா நீட்டு வெட்டு வெட்டறதை விட ஆபத்து ஜாஸ்தி, அந்த ஆபத்து எங்க இருக்குதுன்னு முக்காவாசிப்பேருக்குத் தெரியறதில்ல. எல்லாரும் கட்டையைப் பார்த்துப் பயப்படுவாங்க. பயப்பட வேண்டியது வெட்டி விழுகுதே அந்த ஆப்புத் துண்டு, அதைப் பார்த்துங்க.

நான் பட்டதைச் சொல்றேன். நாலு வருசம் முன்னாடி, கட்டையை சாய்ச்சுப் புடிக்க ஒரு அட்டைப்பலகை ஜிக்கை அவசரத்துக்கு அடிச்சு, அதுல சட்டத்தை வெச்சு, ஆப்பு விழுகற பக்கத்துலயே கைடையும் (பிளேடுக்குப் பக்கத்துல கட்டை ஒட்டி ஓடற நேர்ப்பட்டை) வெச்சுட்டேன். அதாவது பிளேடுக்கும் கைடுக்கும் நடுவுல ஆப்பு. வெட்டு முடியற நேரம், ஆப்பு கட்டையில இருந்து விட்டுச்சு பாருங்க, டப்புனு ஒரே சத்தம், என்ற இடுப்புக்கு அரையடி தள்ளிப் போயி பின்னாடி இருந்த சிமெண்ட் சீட்டுல ஓட்டை போட்டுருச்சு. ஆப்பை அசைச்ச கொரங்கு கதை நமக்கெல்லாம் சின்னதுல சொல்லிக் குடுத்ததுதான், ஆனா அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

ஏன் அப்படி ஆச்சுன்னா, பிளேடோட முன்பக்கப் பல்லு கீழ இறங்குது, கட்டையை டேபிளோட சேர்த்து அமுக்குது, அது நமக்கு நல்லது. பின்பக்கப் பல்லு மேல ஏறுது. அந்தப் பல்லுல ஏதாவது மாட்டுச்சுன்னா தூக்கி நம்ம பக்கமா வீசும். 10 இன்ச் பிளேடு 4800 சுத்துல ஓடுனா பல்லு நுனி மணிக்கு கிட்டத்தட்ட 230 கிலோமீட்டர் வேகத்துல போகுது. நம்மூர்ல பட்டறையில செஞ்சு தர்ற பெல்ட்டு மிஷின், 1440 மோட்டாருக்கு புல்லி மாத்தி ரெட்டிப்பாக்கி 2880ல ஓடுறதுன்னாலும் 138 வருது. கண்ணு சிமிட்டி முடிக்கறதுக்குள்ள ஆப்பு வந்து சேர்ந்திரும். ஆப்பு இன்னும் மோசம், ஏன்னா ஒரு முனை தடியா இன்னொரு முனை பிளேடு மாதிரி மெலிசா இருக்கும், பிளேடுக்கும் வேற எதுக்கும் நடுவுல போனா ஆப்பு வேலையைத்தான் செய்யும்.

அதனால ஜிக்கு ரெண்டு வேலை பண்ணோணும். கட்டையை கை படாம கெட்டியாப் புடிக்கோணும். ஆப்பையும் கை படாம கெட்டியாப் புடிக்கோணும். ரெண்டாவதை விட்டுட்டுத்தான் முக்காவாசி ஜிக்கு செய்யறாங்க.

மொதல்ல கணக்கு

சாய்வு எவ்வளவுன்னா, எட்டுக்கு ஒண்ணு வெச்சுக்கலாம். அதாவது கட்டை 40 எம்எம் தடினா சாய்வு 320 எம்எம் நீளம். பிளைவுட்ல படகு கட்டறவங்க பொதுவா எட்டுக்கு ஒண்ணுதான் வெக்கறாங்க, பாய்மரக் கம்பத்துக்கும் மர ஏரோப்ளேன் இறக்கைக்கும் பத்து பன்னெண்டுக்கு ஒண்ணு வரைக்கும் போவாங்க. நாம ஜன்னல் சட்டம், தட்டி, கதவு மேல்கட்டை இதுக்கெல்லாம் எட்டு போதும். வீட்டுக் கூரையைத் தாங்கற கைமரம், விட்டத்துக்கு இதை நம்பி ஒட்டீறாதீங்க, அது இஞ்சினியரைக் கேட்டுப் பண்ற வேலை, அதோட பேச்சே இங்க இல்ல.

எட்டுக்கு ஒண்ணுங்கறது டிகிரில ஏழுக்குப் பக்கம். மிஷினோட வர்ற மைட்டர் கேஜ், அதாவது சாய்வு வெச்சுத் தள்ளற அளவுகோல், அவ்வளவு கூர்மையா திரும்பாது, அதனாலதான் ஜிக்கே தேவைப்படுது. கட்டையை குத்தா, அதாவது ஒல்லிப் பக்கம் கீழ இருக்கற மாதிரி நிக்க வெச்சு, பிளேடுக்குப் பக்கவாட்டுல ஏழு டிகிரி சாய்ச்சுத் தள்ளறோம்.

இங்கதான் ஒரு விசயம் கவனிக்கோணும். 10 இன்ச் பிளேடு முழுசா ஏத்துனாலும் டேபிளுக்கு மேல 78, 79 எம்எம் தான் வரும். ஜிக்கோட அடிப்பலகை 12 எம்எம் போச்சுன்னா மீதி 66. பல்லு கட்டைக்கு மேல கொஞ்சம் தெரியோணும், அதையும் கழிச்சா 60 எம்எம் அகலச் சட்டம்தான் வெட்ட முடியும். அதுக்கு மேல அகலம் இருந்தா ஒரு பக்கம் வெட்டி திருப்பிப் போட்டு இன்னொரு பக்கம் வெட்டலாம்னு தோணும், வேண்டாமுங்க, ஜிக்குல அது ஒழுங்கா வராது, வேற வழி இருக்குது, கடைசில சொல்றேன். நான் இங்க சொல்ற அளவெல்லாம் 40க்கு 60 எம்எம் சட்டத்துக்கு.

மிஷின், கரண்ட்டு, துணிமணி

பிளேடுக்குப் பின்னாடி நிக்குமே ஒரு தகடு, ரிவிங் நைஃபுன்னு, அது இருக்குதா பாருங்க. இல்லாட்டி இந்த வெட்டு வேண்டாம், அவ்வளவுதான். அது இருந்தா வெட்டுன பள்ளம் பின்னால மூடிக்கிட்டு பிளேடை நெரிக்காது, பின்பக்கப் பல்லுல கட்டை போயி சாயவும் சாயாது. பிளேடோட தகட்டை விட தடியாவும் பல்லு போடற வெட்டை விட மெலிசாவும் இருக்கோணும். உள்ளூர் மிஷின் பலதுக்கு இது வர்றதே இல்ல, லேத்துல ஒருத்தரைப் புடிச்சு எஃகுத் தகட்டுல வெட்டி மாட்டிக்கறவங்க உண்டு, ஆனா பிளேடு ஏறும்போது இறங்கும்போது அதுவும் கூடவே வர்ற மாதிரி மாட்டோணும். மேல மூடுற கவர் இந்த ஜிக்குக்கு இடிக்கும், கழட்டத்தான் வேணும். கவர் இல்லாத நேரம் இந்தத் தகடு ஒண்ணுதான் காப்பு.

தோல் பட்டாலே 5 மில்லி செகண்டுல பிளேடை நிறுத்தற சாஸ்டாப் மிஷின் வெளிநாட்டுல இருக்குது. நம்ம பட்டறையில அது இல்ல, இருந்தாலும் பறக்கற ஆப்பை அது நிறுத்தாது.

பிளேடு 24 பல்லு, நீட்டு வெட்டுக்கான கார்பைடு. இது பார்க்க சாய்வெட்டா இருந்தாலும் கிட்டத்தட்ட நரம்போட போற வெட்டுதான், 80 பல்லு போட்டா தூள் வெளிய போக இடமில்லாம கருகும், கருகுனா நாம இன்னும் அழுத்தித் தள்ளுவோம், அங்கதான் கை சறுக்கும்.

பிளேடு டேபிளுக்கு நெட்டுக்குத்தா நிக்குதான்னு மூலமட்டம் வெச்சுப் பாருங்க, மிஷின்ல ஒட்டியிருக்கற ஸ்கேலை நம்பாதீங்க. ரெண்டு துண்டும் ஒரே மாதிரி வெட்டி எதிரும் புதிருமா வெக்கறோம்ல, அதனால பிளேடு அரை டிகிரி சாஞ்சிருந்தா ஜாயிண்ட்ல ஒரு டிகிரியா தெரியும். ஏழு டிகிரி எட்டு டிகிரி ஆச்சுன்னா கவலையில்ல, ரெண்டுலயும் ஒரே தப்பு இருக்கறதால கட்டை நேராத்தான் வரும். குத்துல தப்பு வந்தாத்தான் முறுக்கிக்கும்.

கரண்ட்டு நம்மூர்ல ஒரு தனிக்கதை. பாதி வெட்டுல கரண்ட்டு போகும். சாதா சுவிட்ச் போட்ட மிஷின்னா, நீங்க போயி கட்டையை என்னன்னு குனிஞ்சு பார்த்துட்டு இருக்கறப்ப கரண்ட்டு வந்து மிஷின் தானா ஓடும். அதுக்குத்தான் நோ வோல்ட் காயில் இருக்கற ஸ்டார்ட்டர் போடோணும், கரண்ட்டு போனா அது விட்டுரும், மறுபடி பச்சைப் பட்டனை அமுக்குனாத்தான் ஓடும். ஆஃப் பட்டன் முழங்கால்ல தட்டற உயரத்துல இருக்கோணும், ஏன்னு கீழ சொல்றேன்.

கையுறை போடாதீங்க, பிளேடு அதைப் புடிச்சு கையையும் சேர்த்து இழுத்துரும். தோள்ல துண்டு, கையில காசிக்கயிறு, அரையில லுங்கி, வேட்டி எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டு பேண்ட்டு போட்டுட்டு வாங்க, கயிறு சாமி கயிறுதான், சாமி கோவிச்சுக்காது. கண்ணாடி கட்டாயம். ஆடிக் காத்துல பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கற அடியில பல்லடம் பொள்ளாச்சி பக்கம் ஷெட்டுக்குள்ள தூளு சுழட்டும், கண்ணுல விழுந்த ஒரு செகண்டு கை எங்க போகும்னு தெரியாது, அந்த மாசங்கள்ல மேக்கால கதவைச் சாத்திட்டு வேலை செய்யுங்க. மூக்குக்கு மாஸ்க் போடுங்க, மரத்தூளு புற்றுநோய் வரவைக்கற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே பட்டியல்ல வெச்சிருக்குது. காதுக்கும் ஏதாவது அடைச்சுக்குங்க, ஆனா பாட்டு கேக்கற இயர்போன் வேண்டாம், பிளேடு சத்தம் மாறுறது காதுல விழுகோணும்.

பழைய மரத்துல ஆணி இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மேல பெயிண்டோ அழுக்கோ மூடியிருக்கும். பழைய ஸ்பீக்கர்ல இருந்து எடுத்த காந்தத்தை நூல்ல கட்டி மரம் பூரா இழுத்துப் பாருங்க, ஆணி இருக்கற இடத்துல லேசா இழுக்கும். கார்பைடு பல்லு ஆணியில பட்டு ஒடைஞ்சா அது எங்க பறக்கும்னு யாருக்கும் தெரியாது.

ஜிக்கு செய்யறது

அடிப்பலகை 12 எம்எம் நல்ல பிளைவுட், 900 நீளம் 400 அகலம். வளைவு இல்லாததா பாருங்க. கீழ, டேபிள்ல இருக்கற பள்ளத்துல ஓடற மாதிரி ஒரு கட்டையோ அலுமினியப் பட்டையோ மாட்டுங்க, ஆடக்கூடாது, இறுகவும் கூடாது, மெழுகு தேச்சா வழுக்கிட்டுப் போகும். கைடே வேண்டாம் இதுக்கு, கழட்டி அக்கட்டால வெச்சிருங்க. கைடு இல்லைன்னா ஆப்பு மாட்டறதுக்கு ஒரு சுவர் கொறைஞ்சுது.

இப்ப பிளேடை அடிப்பலகைக்கு மேல தெரியற அளவு மட்டும் ஏத்தி, பலகையை முன்னால இருந்து தள்ளி ஒரு பள்ளம் வெட்டுங்க. முழுசா வெட்டாதீங்க, 450 எம்எம் வந்ததும் மிஷினை நிறுத்தி, பிளேடு நின்ன பொறவு எடுங்க. 320 சாய்வுக்கு 450 ஏன்னா பிளேடு வட்டமா இருக்கறதால மேல வெட்டு முடியறப்ப கீழ அடிப்பலகையில பல்லு இன்னும் 80, 90 எம்எம் முன்னாடி வந்திருக்கும். பின்னாடி மீதி 450 வெட்டாம இருக்கறதுதான் ஜிக்கை ஒரே பலகையா புடிச்சிருக்கும், அதோட நம்ம கை இருக்கற பக்கம் பிளேடு வரவே வராது.

அந்தப் பள்ளத்துக்கு வலது பக்கம் சாய்வுக் கட்டை வரும். முன்முனையில பள்ளத்தை ஒட்டி ஒரு புள்ளி வெய்யுங்க. அதுல இருந்து நம்ம பக்கமா 640 எம்எம் அளந்து, பள்ளத்தோட நேர்கோட்டுல இருந்து வலது பக்கமா 80 எம்எம் தள்ளி இன்னொரு புள்ளி. ரெண்டையும் கோடு போட்டா எட்டுக்கு ஒண்ணு. புரோட்ராக்டர்ல ஏழு டிகிரி பார்க்கறதை விட இதுதான் சுத்தம். அந்தக் கோட்டுல 55 எம்எம் உசரத்துல நேரான கெட்டிக் கட்டை ஒண்ணை கீழ இருந்து திருகாணி போட்டு மாட்டுங்க. வேம்பு, வாகை எதுனாலும் சரி, காஞ்சதா இருக்கோணும். திருகாணி எதுவும் பள்ளத்துக்கு 25 எம்எம் கிட்ட வரக்கூடாது, இதை மட்டும் ரெண்டு தடவை பார்த்துக்குங்க.

மொதல் வெட்டுல இந்தக் கட்டையோட முன் நுனியை பிளேடு லேசா சீவும். சீவட்டும். நம்ம சட்டத்தோட மெல்லிசு நுனி அங்கதான் வந்து சாயும், முதுகுக்கு முட்டுக் குடுத்த மாதிரி, அதனால சிராய் கெளம்பாது.

டாகிள் கிளாம்ப், அதாவது கைப்பிடியை மடக்குனா அமுக்கிப் புடிச்சுக்கற கிளாம்ப், மூணு வாங்குங்க. ரெண்டு வலது பக்கம் சட்டத்தை மேல இருந்து அமுக்கறதுக்கு, ஒண்ணு முன்னாடி நுனிக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட, ஆனா பள்ளத்தை விட்டு வலது பக்கமா. மூணாவது பள்ளத்துக்கு இடது பக்கம், முன்முனையில. சட்டத்தோட தலை முழுத்தடியா அங்கதான் இருக்கும், வெட்டி முடிச்சப்பறம் ஆப்போட தடிப் பக்கம் அது. அதைப் புடிக்கறதுக்குத்தான் இந்த மூணாவது கிளாம்ப். இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன்.

கடைசியா, பின்முனையில கையால புடிச்சுத் தள்ள ஒரு பிடி. பழைய இழைப்புளிப் பிடி இருந்தா திருகிக்குங்க. அப்பறம் டேபிள்ல ஒரு தடைக்கட்டையை சி கிளாம்ப்ல புடிச்சு, பள்ளம் முடியறதுக்கு ஒரு விரக்கடை முன்னாடியே ஜிக்கு முட்டி நிக்கற மாதிரி வெய்யுங்க.

வெட்டறது

மொதல்ல பிளக்கைப் புடுங்கிட்டு ஒருக்கா ஒத்திகை. பிளேடை 75 எம்எம்முக்கு ஏத்துங்க, சட்டத்தை வெச்சு கிளாம்ப் போடுங்க, கையால பிளேடைச் சுத்திப் பாருங்க, கிளாம்ப்போட கைப்பிடி எதுலயும் இடிக்காம வருதான்னு ஜிக்கைத் தள்ளிப் பாருங்க. மரம் நடுவுல வர்ற வரைக்கும் தள்ள முடியாதுதான், ஆனா கிளாம்ப் எங்க வரும், தடை எங்க நிக்கும்னு கட்டை இல்லாமலும் ஒருக்கா தள்ளிப் பார்த்துரலாம்.

சட்டம் நீளமா இருந்தா வால் நம்ம பக்கமா வரும், அதுவும் வலது பக்கம் சாஞ்சு. எட்டடிச் சட்டத்துக்கு வால் ஒரு அடி வலது பக்கம் தள்ளிப் போகும். அதைத் தாங்க ரோலர் ஸ்டாண்டோ, டேபிள் உசரத்துக்கு ஒரு கோக்காலியோ போடுங்க, மேல மைக்காத் துண்டு ஒட்டுனா வழுக்கும். வால் தொங்குனா முன்னாடி மெல்லிசு நுனி தூக்கும், நுனி தூக்குனா பல்லு புடிக்கும். இன்னொருத்தரை வாலைப் புடிக்கச் சொல்லாதீங்க. அவரு நம்மளை விட வேகமா தள்ளுவாரு, இல்லாட்டி இழுப்பாரு, ரெண்டுமே ஆகாது.

எங்க நிக்கறதுன்னா, பிளேடுக்கு நேர் பின்னாடி நிக்கவே கூடாது. ஒரு அடி எடுத்து இடது பக்கம் வெச்சு நில்லுங்க, வலது கை பிடியில, இடது கை டேபிள் ஓரத்துலயோ இடுப்புலயோ. கட்டை மேல எந்தக் கையும் கெடையாது. பசங்க, பெருசுங்க, டீ கொண்டு வர்ற தம்பி, யாரா இருந்தாலும் பிளேடோட நேர்கோட்டுல இருந்தா போகச் சொல்லீட்டு அப்பறம் பட்டனை அமுக்குங்க.

ஓட விட்டு, வேகம் புடிச்ச பொறவு மெதுவாத் தள்ளுங்க. மொதல்ல தொடுறது மெல்லிசு நுனி வர்ற இடம், அங்க அவசரப்படாதீங்க, அப்பறம் ஒரே சீரா. நடுவுல நிறுத்துனா கருகும். சத்தம் இழுக்க ஆரம்பிச்சா தள்ளற வேகத்தைக் கொறைங்க, பின்னாடி இழுக்காதீங்க. தடையில முட்டுச்சுன்னா, அப்படியே புடிச்சுட்டு முழங்கால்ல ஆஃப் பட்டனைத் தட்டுங்க, இதுக்குத்தான் அந்த உசரம். பிளேடு முழுசா நிக்கட்டும். ஓடற பிளேடு வழியா ஜிக்கைத் திருப்பி இழுக்கறது, ஆப்பை விரல்ல தட்டி விடறது, குச்சியில நெம்பறது எதுவும் வேண்டாம், பத்து பதினஞ்சு செகண்டு சும்மா நின்னா ஒண்ணும் கொறைஞ்சு போகாது. நின்ன பொறவு மொதல்ல ஆப்போட கிளாம்ப்பைக் கழட்டி ஆப்பை எடுத்துருங்க. அப்பறம் ஜிக்கை இழுத்து சட்டத்தை எடுங்க.

அடுத்த துண்டையும் இதே ஜிக்குல, எதையும் மாத்தாம. ஒரு துண்டைத் திருப்பி வெச்சா ரெண்டு சாய்வும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும். வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, இடுக்குல வெளிச்சம் வந்தா இழைப்புளியில ஒரு இழுப்பு, மறுபடி சால வெச்சு ஒரு மில்லி சீவறேன்னு போகாதீங்க. மெலிசா சீவற துண்டை எந்தக் கிளாம்ப்பும் புடிக்காது.

இந்த ஜிக்கு ஒத்துவராத இடமும் இருக்குது. 60 எம்எம்முக்கு மேல அகலம், பிளைவுட் சீட்டு, முறுக்குன மரம், சாய்வு வர்ற இடத்துல கணு இருக்கற மரம், ஒன்றரையடிக்குக் கொறைஞ்ச துண்டு. இதுக்கெல்லாம் ரெண்டு மூணு துண்டைப் படிப்படியா பின்னால தள்ளி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, கையால புடிக்கற பிளேனர்ல மொத்தமா சாய்ச்சு இழைச்சிரலாம், படகு கட்டறவங்க சீட்டுக்கு அப்படித்தான் பண்றாங்க. தென்னங்கட்டையையும் நான் இதுல வெட்டறதில்ல, வெளிப்பக்கம் இரும்பு, உள்பக்கம் பஞ்சு, பிளேடு பாதியில தடுமாறும்.

ஒட்டறப்ப ஒண்ணு மட்டும். சாய்வுக்கு சாய்வு வெச்சு இறுக்குனா வழுக்கி நகரும், அதனால ரெண்டு ஓரத்துலயும் சின்ன ஆணி ஒண்ணு அடிச்சு நிறுத்திட்டு அப்பறம் கிளாம்ப் போடுங்க, கீழ பால் கவர் விரிச்சுக்குங்க. எபாக்சிப் பசைனா மொதல்ல மெலிசா ஒரு கோட்டு தடவி மரம் குடிக்கறதைக் குடிக்க விட்டு அப்பறம் இன்னொரு கோட்டு.

கை பட்டுச்சுன்னா என்ன பண்றதுன்னும் தெரிஞ்சிருக்கோணும், சொல்லக் கூடாத விசயம்னு யாரும் சொல்றதில்ல. சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் புடிச்சு கையை மேல தூக்கிக்குங்க, மஞ்சத்தூளு காப்பித்தூளு எதுவும் வேண்டாம். விரல் துண்டாயிருந்தா அதைத் தேடி எடுத்து, ஈரம் பண்ணிப் புழிஞ்ச சுத்தமான துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ்ல வெய்யுங்க. விரலை நேரா ஐஸ்ல போட்டா கெட்டுரும். 108க்குப் போன் பண்ணுங்க. கோயமுத்தூர் கங்கா ஆஸ்பத்திரி கை ஒட்டற ஆபரேஷனுக்குப் பேர் போனது, நம்ம பக்கத்துல இருக்கறது நம்ம அதிர்ஷ்டம்தான், போற வழியிலயே போன் பண்ணிச் சொல்லீட்டா அவங்க தயாரா இருப்பாங்க. அந்த ஆஸ்பத்திரி நம்பரை பட்டறைச் செவுத்துல சாக்பீஸ்ல எழுதி வெச்சிருங்க, ரத்தம் வர்றப்ப போன்ல தேட முடியாது.

வெட்டி விழுந்த ஆப்பெல்லாம் நான் ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன், தேக்கு ஆப்பு மம்பட்டிக் காம்புக்கும் கதவு ஆடாம முட்டுக் குடுக்கறதுக்கும் அருமையா இருக்கும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து கை நெறைய அள்ளீட்டுப் போவாரு.